பத்து லட்சம் கொடுத்து ஓப்செட் ஸ்மோக்கர் இறக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஹப்புத்தளை_விடுதி:

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருடம் கத்தாரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துவிட்டு, போன வருடம் ஊரோடு வந்துவிட்டேன். ஹப்புத்தளையில் அப்பா கட்டிய வீட்டை நான்கு அறை விடுதியாக மாற்றியிருக்கிறோம். எல்லவுக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், வார இறுதியில் கொழும்பிலிருந்து வரும் குடும்பங்கள், இவர்கள்தான் நம்மிடம் வருகிறவர்கள். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பதார்த்தமாவது நம் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும் என்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

டோஹாவில் நான் இருந்த இடத்தில் டெக்சாஸ் முறையில் புகை போட்டு இறைச்சி செய்வார்கள். அந்த அடுப்புதான் ஓப்செட் ஸ்மோக்கர். நடுவில் நீளமான உருளை, ஒரு பக்கம் தாழ்வாக நெருப்புப் பெட்டி, மறு பக்கம் புகைபோக்கி. விறகு எரிகிற சூடும் புகையும் இறைச்சிக்கு மேலாக ஓடி வெளியே போகும். மாட்டு நெஞ்சிறைச்சியை 12 மணித்தியாலம் வைத்து எடுத்தால், வெட்டிய துண்டை விரலில் போட்டுத் தூக்கும்போது துணி மாதிரி மடிந்து தொங்கும். அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

இப்போது கணக்கு. கனத்த தகட்டில் செய்த அமெரிக்க ஓப்செட் 2,000 டொலரில் தொடங்கி 4,000 வரை போகிறது. நான் பார்த்து வைத்திருப்பது 3,000க்குக் கிட்ட. டொலர் 300 ரூபாய் என்று பிடித்தாலே ஒன்பது லட்சம், அதற்கு மேல் கப்பல் கூலி, வரி, 18 வீத வட், கொழும்பிலிருந்து லொறி. தலைப்பில் பத்து லட்சம் என்று போட்டது குறைத்துத்தான். அதே உருவத்தில் மெல்லிய தகட்டில் செய்ததும் இருக்கிறது, அது சில நூறு டொலர்தான். இரண்டுக்கும் இடையில் உள்ள அந்தப் பெரிய வித்தியாசம் இறைச்சியில் தெரியுமா? தெரியும் என்றால் கடன் பட்டாவது வாங்க நான் தயார். மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டறை_பண்டாரவளை:

தம்பி, இருபது வருடத்துக்கு மேலாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், கேட், பாலம், தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) வேலை எல்லாம் செய்வேன். ஓப்செட் இதுவரை மூன்று செய்து கொடுத்திருக்கிறேன், ஒன்று எனக்கே வைத்துக்கொண்டேன். ஆகவே காசு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

முதலாவது தகடு. மலிவானதில் ஒன்றரை, இரண்டு மில்லி. விலை கூடியதில் 6 மில்லி. ஒரு சதுர மீட்டர் 6 மில்லி தகடு 47 கிலோ, நாலுக்கு எட்டு அடித் தகடு ஒன்றே 140 கிலோ வரும். அந்த இரும்பு சூடாக நேரம் எடுக்கும், ஆனால் ஒரு தரம் சூடேறிவிட்டால் காற்று அடித்தாலும், மூடியைத் திறந்து மூடினாலும், விறகு போட ஐந்து நிமிஷம் பிந்தினாலும் சூடு சட்டென்று விழாது. மெல்லிய தகடு தகர அடுப்பு மாதிரி, நெருப்பு எப்படியோ அதுவும் அப்படி, இந்த நிமிஷம் 150 டிகிரி, கொஞ்சம் அசந்தால் 90.

இரண்டாவது மூடி. உருளையை வெட்டி மூடி செய்யும்போது வெல்டிங் சூட்டில் இரும்பு வளைந்து போகும். அதை நேராக்கி, சுற்றிவர இடைவெளி இல்லாமல் உட்கார வைக்கிறதில்தான் கைவேலை இருக்கிறது. என் முதலாவதில் மூடியின் ஒரு மூலை ஒரு விரல் தடிப்புக்குத் தூக்கிக்கொண்டு நின்றது, அதைச் சரிக்கட்டவே ஒன்றரை நாள் போனது.

மூன்றாவது காற்றோட்டம். நெருப்புப் பெட்டியிலிருந்து உருளைக்குப் போகிற வாய் எவ்வளவு பெரிது, புகைபோக்கி எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், அது உருளையில் எந்த மட்டத்தில் ஏறுகிறது. மலிவானதில் புகைபோக்கியை மேல் உச்சியில் வைத்துவிடுவார்கள், அப்போது சூடு மேலால் ஓடிப் போய்விடும், கம்பி வலை மட்டத்தில் இருக்கிற இறைச்சிக்குப் புகை பட்டும் படாமலும்தான் இருக்கும்.

ஆகவே கேள்விக்குப் பதில், ஆமாம், வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த மூன்றும் டெக்சாஸில் மட்டும்தான் செய்யலாம் என்றில்லை. அங்கேயே இந்த வேலை எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களை வெட்டி வெல்டிங்காரர்கள் செய்யத் தொடங்கியதுதான். நம் ஆட்களுக்கும் அது கைவரும்.

நானுஓயா_குளிர்:

மெல்லிய தகடு வாங்குகிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். கொண்டுவந்து பூட்டும்போதே நெருப்புப் பெட்டியின் துளைகள் உருளையின் துளைகளோடு பொருந்தவில்லை. போன் பண்ணினால் "அது அப்படித்தான் சேர், இறுக்கினால் சரியாகும்" என்றார்கள். இறுக்கினேன், தகடு சுருங்கியது. முதல் மழைக்காலத்திலேயே பெயின்ட் உரிந்து, நெருப்புப் பெட்டியின் அடியில் துரு பிடித்து, இரண்டாவது வருடம் விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. மூடியால் புகை கசிவதைக் கட்டுப்படுத்த நானே அடுப்புக் கயிறு வாங்கி மூடியைச் சுற்றி ஒட்டினேன், உள்ளே ஒரு தகட்டை வைத்து சூட்டைப் பரப்பப் பார்த்தேன், செங்கல் வைத்தேன். அப்படியும் நல்ல கோழி சில தரம் வந்தது, பண்டி (பன்றி)த் தோள் ஒரு தரமும் சரியாக வரவில்லை. எனக்கு அந்தக் காசை விட, விடிய விடியப் பனியில் உட்கார்ந்த ராத்திரிகளை நினைத்தால்தான் மனது கஷ்டப்படுகிறது.

ஸ்டோர்_பிள்ளை_தலவாக்கலை:

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், விறகைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா ஸ்டோரில் அடுப்புக்காரர். தேயிலை காய வைக்கிற டிரையருக்குச் சூடு கொடுக்கிற அந்தப் பெரிய விறகடுப்புதான் அவர் வேலை, 31 வருடம். நாங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) முற்றத்தில் நின்று ஸ்டோர் புகைபோக்கியைப் பார்ப்போம். பார்த்தால் தெரியும். வெள்ளையாக, பஞ்சு மாதிரித் தடிப்பாகப் புகை வந்தால் ஈர விறகு வந்திருக்கிறது, அப்பா ராத்திரி வரும்போது கோபமாகத்தான் வருவார். புகையே தெரியாமல் வானம் மட்டும் கானல் மாதிரி ஆடினால் அடுப்பு நன்றாக எரிகிறது. டிரையருக்குள் போகிற சுத்தமான காற்று குழாய்களுக்கு வெளியாலும், நெருப்பும் புகையும் குழாய்களுக்கு உள்ளாலும் போகும், குழாயில் எங்காவது வெடிப்பு விழுந்தால் புகை காற்றில் கலந்து தேயிலையில் ஏறிவிடும். புகை மணக்கிற தேயிலையைக் கொழும்பில் ருசி பார்க்கிறவர்கள் ஒரு வாயிலேயே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே நல்ல புகை எது, கெட்ட புகை எது என்பது எங்கள் வீட்டில் சோற்றுக்கான விஷயம்.

ஓப்செட்டிலும் அதே கதைதான். அரைகுறையாக எரிகிற விறகிலிருந்து வரும் வெள்ளைப் புகையில் தார் மாதிரியான பொருள்கள் இருக்கும், அது இறைச்சியில் படிந்தால் நாக்கு மரத்துப்போகிற மாதிரிக் கசக்கும். நன்றாக எரிகிற நெருப்பில் வருகிற மெல்லிய நீலப் புகைதான் ருசி கொடுக்கும். அதற்குக் காய்ந்த விறகு வேண்டும், ஈரம் 20 வீதத்துக்குக் கீழே. இப்போது சொல்லுங்கள், வருடத்தில் எத்தனை மாதம் நம் மலையில் அப்படி விறகு கிடைக்கும்? வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று, மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை துணியே காயாது. அமெரிக்காக்காரர் சொல்வதை வைத்துக்கொண்டு பத்து லட்சத்து இரும்பை மழையில் நனைந்த டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) கட்டையால் எரித்தால் வருவது பத்து லட்சத்துக் கசப்பு.

என் எண்ணம், ஸ்மோக்கருக்கு முன்னால் விறகுக் கொட்டகை கட்டுங்கள். மேலே தகரம், பக்கங்கள் திறந்து, கட்டைகள் தரையிலிருந்து அரை அடி மேலே, காற்று ஊடே போகிற மாதிரி அடுக்கி, பிளந்து ஆறு மாதமாவது. இரண்டு ஊசி உள்ள ஈரம் பார்க்கிற சின்ன மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையை வெளியில் குத்திப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள், பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

ஹப்புத்தளை_விடுதி:

தலவாக்கலை அண்ணே, இதை நான் யோசிக்கவே இல்லை. டோஹாவில் விறகு பெட்டியில் வரும், ஒரே அளவில் வெட்டி, எலும்பு மாதிரிக் காய்ந்து. எடுத்துப் போடுவது மட்டும்தான் எங்கள் வேலை. ஹப்புத்தளையில் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மழை குறைவு, ஆனால் காற்று ஆளையே தூக்கும். ஒக்டோபர் தொடங்கினால் மழையும் மூடுபனியும். எந்த மரம் நல்லது என்றும் சொல்லுங்கள்.

கந்தப்பளை_மரக்கறி:

கொய்யா. யோசிக்கவே வேண்டாம்.

ஸ்டோர்_பிள்ளை_தலவாக்கலை:

கொய்யா நல்லதுதான், ஆனால் ஒரு தரத்துக்கு 15, 20 கிலோ விறகு போகும்போது அவ்வளவு கொய்யாவுக்கு எங்கே போவது? நான் பழகியதைச் சொல்கிறேன். கோப்பி மரம் நல்லது, பழைய கோப்பிச் செடிகளைப் பிடுங்குகிற இடம் தெரிந்தால் வாங்கி வையுங்கள். பலா, மா, இரண்டும் நிதானமாக எரியும். சவுக்கு, அதாவது தேயிலைக்கு நிழலாக நிற்கிற கிரெவிலியா, இலேசான மரம், புகை மணம் மென்மையாக இருக்கும், ஆனால் கடதாசி மாதிரி எரிந்து முடிந்துவிடும், 20 நிமிஷத்துக்கு ஒரு கட்டை கேட்கும். தேயிலை, அதாவது பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது வருகிற அடிக்கட்டை, அருமையான தணல் கொடுக்கும். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலையை வெட்டிவிடும்போது விழுகிற சுள்ளி, தீ மூட்டுவதற்கு மட்டும் போதும், குச்சியாக இருப்பதால் குபீர் என்று பற்றி அடங்கிவிடும். பைனஸ் (பைன் மரம்) பக்கமே போகாதீர்கள், பிசின் முழுக்க இறைச்சியில் ஏறும்.

டர்பன்டைனும் வேண்டாம், தைல வாடை வரும்.

பட்டறை_பண்டாரவளை:

டர்பன்டைனில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. நான் இரண்டு வருடமாக அதில்தான் செய்கிறேன். ஆஸ்திரேலியாவில் அயன்பார்க் என்கிற மரத்தில் பார்பிகியூ போடுகிறார்கள், அதுவும் யூக்கலிப்டஸ் சாதிதான். பட்டையை முழுக்க உரித்து, இலை, சின்னக் கொப்பு ஒன்றும் சேராமல், பிளந்து ஒரு வருடம் காய்ந்த நடு வைரம் மட்டும் போட்டால் தைல வாடை எனக்கு வரவில்லை, சாப்பிட்டவர்களும் சொல்லவில்லை.

ஸ்டோர்_பிள்ளை_தலவாக்கலை:

ஒரு வருடம் காய்ந்த வைரம் என்றால் நான் மறுக்கவில்லை அண்ணே. நான் பார்த்ததெல்லாம் பட்டையோடு லொறியில் வருவது. தம்பி வாங்கப் போவதும் அதுதான், அதனால்தான் வேண்டாம் என்றேன். காய வைத்துப் பாருங்கள், முதலில் இரண்டு கோழித் துடையில் மட்டும் பாருங்கள்.

மஸ்கெலியா_அக்கா:

தம்பி, நான் ஸ்மோக்கர் வைத்திருக்கவில்லை, ஆனால் சுற்றுலா பங்களா ஒன்றில் சமையலுக்குப் பொறுப்பாக இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். உங்கள் மனைவிக்கு ஏன் விருப்பமில்லை என்று கேட்டீர்களா? ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு நெருப்பு மூட்ட வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம், அதிகம் போனால் முக்கால் மணிக்கு ஒரு தரம் கட்டை போட வேண்டும். இடையில் ஆட்கள் வந்து இறங்குவார்கள், அறை காட்ட வேண்டும், டவுனுக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். அந்த நேரமெல்லாம் நெருப்பை யார் பார்ப்பது? அவர்தானே. பத்து லட்சம் போடுகிற நீங்கள், நாள் முழுக்க நெருப்பு பார்க்க ஒரு ஆளுக்குக் கூலி கணக்குப் போட்டீர்களா?

இன்னொன்று. புகை போட்ட இறைச்சி நமக்குப் புதிது என்கிற மாதிரி எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் பாட்டி லயத்து அடுப்புக்கு மேலே கம்பி கட்டி உப்புக்கண்டம் தொங்க விடுவார். உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிரட்டி வெயிலில் வைத்து, மழை வந்தால் அடுப்புக்கு மேல். காலையில் ரொட்டி சுடும் புகை, மத்தியானம் சோற்றுப் புகை, ராத்திரி குளிர் காய்கிற புகை, ஒரு கிழமையில் வெளியில் கறுத்து, உள்ளே சிவந்து, இடித்துத் தாளித்தால் வாசம் அடுத்த லயம் வரை போகும். வெள்ளைக்காரருக்கு டெக்சாஸ் சாப்பாடு டெக்சாஸில் கிடைக்கும். ஹப்புத்தளையில் அவர் அதைத் தேடி வரவில்லை. பண்டித் தோளில் மிளகு, கொறுக்காய்ப் புளி, பெருஞ்சீரகம் தடவி அந்த ஸ்மோக்கரில் வையுங்கள், அது உங்கள் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மழை என்று ஸ்மோக்கரை மூடிய கராஜுக்குள் தள்ளாதீர்கள், தணல் சட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் குளிர் காயவும் விடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர் எழும்ப மாட்டார்.

ஹப்புத்தளை_விடுதி:

அக்கா, இன்று மனைவியிடம் கேட்டேன். "நெருப்பு நீங்கள் பார்ப்பீர்கள் என்றால் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றாள். நீங்கள் எழுதியதும் அதேதான். உங்களிடம் இருந்து வந்த இந்தப் பதில்தான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

கண்டி_கேட்டரிங்:

நான் மறுபக்கம் பேசுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். என்னிடம் கனத்த தகட்டு இறக்குமதி ஓப்செட் ஒன்று இருக்கிறது, 2019இல் வந்தது, அப்போது டொலர் இன்றைய விலையில் இல்லை. 2022இல் டொலர் சில கிழமைக்குள் 200இலிருந்து 360க்குப் போனபோது, அதே சாமானை நான் கனவிலும் வாங்க முடியாத நிலை வந்தது, அந்த வகையில் நான் அதிர்ஷ்டக்காரன். கிழமையில் இரண்டு, மூன்று நாள் அது எரிகிறது. கலியாணம், பிறந்தநாள், ஹோட்டல் ஓடர். ஆறு வருடத்தில் நெருப்புப் பெட்டியில் ஒரு துவாரம் இல்லை. காலையில் ஒரு மணித்தியாலம் சூடேற்றிவிட்டால் 120, 125 டிகிரியில் நிற்கும், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே நெருப்பு பார்க்கலாம். காசு போட்டதற்கு அது எனக்குத் திருப்பிக் கொடுத்தது நேரம், அதைக் கணக்கில் எடுங்கள். மெல்லிய தகட்டில் இந்தத் தொழிலை ஒரு மாதம்கூடச் செய்திருக்க மாட்டேன்.

ஆனால் நான்கு அறைக்கு? உங்களிடம் ஒரு ராத்திரிக்கு எட்டுப் பேர், நிறைந்தால். பெரிய இரும்பை அந்த எட்டுப் பேருக்காகச் சூடாக்க விறகு அதே அளவுதான் போகும். கிழமையில் ஒரு தரம் எரிக்கிற ஆளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இறைச்சி பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டு நெஞ்சிறைச்சி என்று எழுதியிருந்தீர்கள். டெக்சாஸ் மாடு தானியம் தின்று கொழுத்தது, ஒரு நெஞ்சுத் துண்டே ஐந்து, ஆறு கிலோ, மேலே விரல் தடிப்பில் கொழுப்பு. நம் மாடு சின்னது, கொழுப்பு இல்லை, 12 மணித்தியாலம் வைத்தால் செருப்புத் தோல்தான் வரும். நான் நான்கு தரம் முயற்சி செய்துவிட்டு விட்டேன். பண்டித் தோள், பண்டி விலா, முழுக் கோழி, ஆட்டுத் தொடை, இவை நன்றாக வரும். வருகிறவர்களில் மாடு சாப்பிடாதவர்களும் பண்டி சாப்பிடாதவர்களும் இருப்பார்கள், ஆகவே கோழியை நன்றாகப் பழகுங்கள். கோழிக்கு மூன்று மணித்தியாலம் போதும், அக்கா சொன்ன நெருப்புப் பிரச்சினை பாதி குறையும்.

ஹட்டன்_பஸ்:

ஒரு விஷயம், ஆரோன் பிராங்ளின் என்று டெக்சாஸ் ஒஸ்டினில் ஒருவர் இருக்கிறார், 2015இல் அமெரிக்கச் சமையல்காரர்களுக்குக் கொடுக்கிற ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியவர், இந்த ஓப்செட் உலகத்தில் அவர் பெயர் தெரியாதவர் குறைவு. அவரே ஆரம்பித்தது ஒரு மலிவான மெல்லிய தகட்டு ஓப்செட்டில்தான். ஆகவே மலிவானதில் பழகவே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

நானுஓயா_குளிர்:

பழகலாம், மறுக்கவில்லை. டெக்சாஸ் வெயிலில் பழகுவதும், நுவரெலியாவில் ஜனவரி ராத்திரி புல்லில் உறைபனி விழும்போது பழகுவதும் ஒன்றில்லை என்றுதான் சொல்கிறேன். மெல்லிய தகட்டைக் குளிரும் காற்றும் தின்றுவிடும்.

அப்புறம் உயரம். இதை யாரும் சொல்லவில்லை. நுவரெலியா 1,868 மீட்டர். இங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் எடுப்பதும் அதனால்தான். இணையத்தில் எல்லோரும் இறைச்சியின் உள் சூடு 95 வந்தால் எடு என்று எழுதுகிறார்கள். நான் அந்த 95க்காக ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். 92இல் நின்ற சூடு அசையவே இல்லை, இறைச்சி காய்ந்து போனதுதான் மிச்சம். இறைச்சிக்குள் இருக்கிறது தண்ணீர்தானே, அது கொதிக்கிற சூட்டைத் தாண்டி எங்கே போகும்? இப்போது நான் எண்ணைப் பார்ப்பதில்லை. கம்பியால் குத்திப் பார்ப்பேன், பட்டர் கட்டிக்குள் போகிற மாதிரித் தடையில்லாமல் போனால் எடுத்துவிடுவேன். பெரும்பாலும் 89, 90இலேயே அப்படி வந்துவிடுகிறது. ஹப்புத்தளை 1,431 மீட்டர், உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இருக்காது, ஆனாலும் எண்ணை நம்பாதீர்கள்.

இன்னொன்று, 65, 70 டிகிரி வந்ததும் சூடு பல மணித்தியாலம் ஏறாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதால் வருவது, வேர்வை நம்மைக் குளிர்விக்கிற மாதிரி. பயந்து நெருப்பைக் கூட்டாதீர்கள். கடதாசியில் சுற்றி வைத்தால் தாண்டிவிடும்.

பட்டறை_பண்டாரவளை:

நானுஓயா தம்பி சொன்ன உயரக் கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு பக்கம் குறைவு. நெருப்புக்குக் காற்று போதாமல் போகும். அதனால் நான் மேல் தோட்டங்களுக்குச் செய்யும்போது நெருப்புப் பெட்டிக் கதவையும் புகைபோக்கியையும் கொஞ்சம் அகலமாக விடுகிறேன்.

ஹப்புத்தளைத் தம்பிக்கு நான் செய்தால் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன், வேறு பட்டறையில் கொடுத்தாலும் இதைக் காட்டுங்கள். உருளை 20 அங்குல விட்டம், நாலடி நீளம், 6 மில்லி. அது கிட்டத்தட்ட 250 லிட்டர். நெருப்புப் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி, 17 அங்குலச் சதுரப் பெட்டி 80 லிட்டர் வரும். பெட்டியை உருளையை விடத் தாழ்த்தி வைக்க வேண்டும். புகைபோக்கி கம்பி வலை மட்டத்தில் ஏற வேண்டும். எல்லாம் சேர்த்து 200 கிலோ பக்கம் வரும், உங்கள் வீட்டுக்குப் படி எத்தனை என்று முதலில் எண்ணிச் சொல்லுங்கள், அதற்குத் தக்கதாகக் காலைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்யலாம். தகடு காசையும் கூலியையும் சேர்த்தாலும் நீங்கள் சொன்ன தொகையில் கால் பங்கைத் தாண்டாது.

தார் பீப்பாயில் செய்து தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். 200 லிட்டர் பீப்பாயின் தகடு ஒரு மில்லி பக்கம்தான். கோழி வாட்டப் போதும், ஓப்செட்டுக்குச் சரிவராது. தோட்டத்து மருந்து பீப்பாய், களைநாசினி பீப்பாய் எதையும் எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். கல்வனைஸ் தகடும் வேண்டாம், சூட்டில் நாகம் (துத்தநாகம்) புகையாக வரும், வெல்டிங் செய்கிற எங்களுக்கே அதில் காய்ச்சல் வரும். கேஸ் சிலிண்டரை வெட்டித் தரச் சொல்லி வந்தால் நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன், உள்ளே மிச்சம் கேஸ் இருந்தால் பட்டறையோடு போய்விடும்.

ஹப்புத்தளை_விடுதி:

படி 34 அண்ணே. எண்ணினேன்.

முடிவு எடுத்துவிட்டேன். இறக்குமதி இல்லை. முதலில் கொட்டகை, நாளைக்கே தொடங்குகிறேன். விறகு காய்கிற வரை பெரிய சாமானுக்கு ஓடர் கொடுக்க மாட்டேன். அதுவரை வீட்டில் இருக்கிற சாதாரணக் கரி கிரிலில் ஒரு பக்கம் தணலும் ஒரு பக்கம் கோழியும் வைத்து நெருப்பு பழகுகிறேன். பிறகு பண்டாரவளைக்கு வருகிறேன்.

ஹப்புத்தளை_விடுதி:

ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும், இடையில் சீசன்.

பட்டறை அண்ணன் செய்த ஸ்மோக்கர் வந்து இறங்கி ஆறு கிழமை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து எட்டுப் பேர் வந்து, உருளையை மூங்கிலில் கட்டி 34 படியும் தூக்கினார்கள். கொட்டகையில் கோப்பியும் பலாவும் கொஞ்சம் சவுக்கும். மீட்டர் 17 காட்டியது, மழைக்கு முதல் நாள்.

முதல் மூன்று தரமும் நெருப்பு எனக்குப் பணியவில்லை. பயத்தில் காற்றுக் கதவை மூடி மூடி வைத்தேன், புகை வெள்ளையாகக் கட்டிக்கொண்டு நின்றது, கோழித் தோல் கசந்தது, அதை விருந்தினருக்கு வைக்கவில்லை. நான்காவது தரம் தலவாக்கலை அண்ணன் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார், கதவை முழுக்கத் திறக்கச் சொன்னார். அடுத்த கட்டையை நெருப்புப் பெட்டிக்கு மேலேயே கிடத்தி வைத்தார், கை வைக்க முடியாத அளவுக்கு அது சூடான பிறகுதான் உள்ளே போட்டார். போட்ட உடனே பற்றியது, புகையே வரவில்லை. "சூட்டைக் கதவால் குறைக்காதே தம்பி, கட்டையின் தடிப்பால் குறை" என்றார். மணிக்கட்டு அளவு கட்டையாகப் பிளந்து, 35 நிமிஷத்துக்கு ஒன்று என்று போட்டோம். புகைபோக்கிக்கு மேலே கானல் மட்டும் ஆடியது. அதற்கு மேலே பார்த்தால் மூடுபனி, எது புகை, எது பனி என்று பிரித்துப் பார்க்க முடியாத நேரத்திலும் அவருக்குத் தெரிந்தது, மூக்கால் பார்த்தார்.

பண்டித் தோள், அக்கா சொன்ன மிளகும் கொறுக்காயும். ஒன்பதரை மணித்தியாலம். 91இல் கம்பி வழுக்கிக்கொண்டு போனது, எடுத்து ஒரு மணித்தியாலம் சுற்றி வைத்தோம். எலும்பைப் பிடித்து இழுத்தேன், வெள்ளையாக, ஒரு நார்கூட ஒட்டாமல் கையோடு வந்தது. மனைவி முதல் துண்டை ரொட்டியில் சுருட்டி அந்தப் பெரியவருக்குத்தான் கொடுத்தாள்.

இப்போது சனிக்கிழமை மட்டும் செய்கிறேன், நெருப்பு நானே பார்க்கிறேன், அன்றைக்கு அறை காட்டுகிற வேலை தங்கச்சி மகனுக்கு, கூலியோடு.

மஸ்கெலியா_அக்கா:

சந்தோஷம் தம்பி. படம் போடவில்லையே?

நானுஓயா_குளிர்:

அண்ணே, அந்தப் பழைய தகரத்தைக் கழற்றிவிட்டேன். பட்டறை அண்ணன் நம்பரை எனக்கும் தனியாக அனுப்புங்கள். எங்கள் வீட்டுக்குப் படி 11தான்.